ஊரில் போதைத் தடுப்புக் குழு தொடங்கப் போகிறீர்களா? திருகோணமலையிலிருந்து சில குறிப்புகள்

ஊரில் ஒரு பெடியன் ஐஸ் என்கிற போதைப்பொருளோடு பிடிபட்டான் என்று கதை பரவினால் அடுத்த கிழமை என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கோயில் மண்டபத்தில் அவசரக் கூட்டம். எண்பது பேர் வருவார்கள். ஒவ்வொருவராக எழும்பி "எங்கட காலத்தில இப்பிடி இல்லை" என்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடக்கும். பிறகு பதாகை அடித்து ஓர் ஊர்வலம். பிள்ளைகள் வெயிலில் கோஷம் போட்டபடி நடப்பார்கள், சோடா கொடுபடும், படம் முகநூலில் ஏறும். இரண்டாவது கூட்டத்துக்குப் பதினொரு பேர். மூன்றாவதுக்கு மண்டபத்துச் சாவி வைத்திருப்பவரும் நானும்.

நீங்கள் வேலையைத் தொடங்க வேண்டியது அந்தப் பதினொரு பேரோடுதான். எண்பது பேர் போனதற்குக் கவலைப்பட வேண்டாம். கோபத்தில் வந்தவர்கள் கோபம் ஆறியதும் போவார்கள்.

முதலில் எல்லையைப் போடுங்கள்

"திருகோணமலையில் போதையை ஒழிப்போம்" என்று தொடங்கினால் ஒன்றும் நடக்காது. மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளின் சீசன். கையில் காசு புழங்கும், இரவு நீளும். கரைவலை இழுக்கும் ஊர்களில் கதை வேறு. வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இளைஞர்கள் தொழிலில்லாமல் வாடியடியில் குந்தியிருப்பார்கள். தம்பலகாமத்து வயற்பக்கம் அதற்கும் வேறு. ஒரு இடத்தின் மருந்து அடுத்த இடத்துக்குச் சரிவராது.

ஆகவே ஒரு விதானையார் (கிராம சேவகர்) பிரிவு போதும். முடிந்தால் அதிலும் குறுக்கி, ஒரு மைதானத்தையும் அதைச் சுற்றிய நாலைந்து ஒழுங்கைகளையும் எடுங்கள். நடந்து போய் அரை மணித்தியாலத்தில் சுற்றி வரக்கூடிய அளவுதான் நல்ல அளவு.

யாரைக் கூப்பிடுவது

அமெரிக்காவில் இந்த வகைக் குழுக்களுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று 1997இல் சட்டமானது. பணம் வேண்டுமானால் பன்னிரண்டு தரப்பிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை: இளைஞர், பெற்றோர், வர்த்தகர், ஊடகம், பாடசாலை, இளைஞர் அமைப்பு, பொலிஸ், சமய அமைப்பு, சமூக சேவையாளர், சுகாதாரத் துறை, அரச அலுவலகம், போதைத் தடுப்பில் ஏற்கெனவே இருப்பவர்கள். பன்னிரண்டும் நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டியலை நம்முடைய வழக்கமான நிர்வாக சபையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்முடையதில் ஓய்வு பெற்ற அதிபர், கோயில் தலைவர், விளையாட்டுக் கழகத் தலைவர் என்று அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் வரிசையாக இருப்பார்கள்.

என் அனுபவத்தில் அவசியமானவர்கள் இவர்கள். ரியூசன் நடத்துகிற ஒரு சேர், ஏனெனில் பின்னேரம் பிள்ளைகள் எப்போது எங்கே இருப்பார்கள் என்பது பெற்றோரைவிட அவருக்குத் தெரியும். ஓட்டோ ஸ்ராண்டில் ஒருவர். சந்திக் கடைக்காரர் ஒருவர். மாதர் சங்கத்திலிருந்து வாய் திறந்து பேசக்கூடிய ஒரு அக்கா. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மீனவர் சங்கம் இருந்தால் அதில் ஒருவர். இருபத்தைந்து வயதுக்குக் கீழே குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண்பிள்ளை கட்டாயம். இளையவர்களைக் கதிரை அடுக்கவும் சோடா கொடுக்கவும் மட்டும் வைத்திருக்காதீர்கள். எங்கள் குழுவில் உருப்படியான யோசனைகளில் பாதி ஒரு ஏ.எல். மாணவியிடமிருந்து வந்தவை. அவள் முதல் நாலு கூட்டத்தில் வாயே திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அடுத்தடுத்துக் குடியிருக்கிற மாவட்டம் இது. எந்த மண்டபத்தில் கூடினாலும் "கொண்டுவாறது அவங்கட ஆக்கள்" என்று ஒரு குரல் எழும்பும். மற்ற மண்டபங்களிலும் இதே வசனம் நம்மைப் பற்றி ஓடிக்கொண்டிருக்கும். கோயில் சபையில் ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், தேவாலயத்தில் பாதர், விகாரையில் ஹாமதுரு என்று முதல் நாளிலேயே நேரில் போய்க் கூப்பிடுங்கள். கடிதம் அனுப்பினால் போதாது. நேரில் போனால் தேத்தண்ணி கிடைக்கும், அதோடு ஆளும் கிடைப்பார்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், விளையாட்டு உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். குழு தொடங்கிய பிறகு அறிவிப்பதைவிட, தொடங்கும்போதே இவர்களில் ஒருவரோடு கதைத்து வைப்பது நல்லது. கிராம மட்டத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழு ஒன்று பெயரளவிலாவது இருந்தால் அதற்குள்ளேயே நுழைந்து வேலை செய்யுங்கள். ஊரில் இன்னொரு இறப்பர் முத்திரை தேவையில்லை.

பெயர்ப் பட்டியல் போடாதீர்கள்

இதை நான் பட்ட பிறகு சொல்கிறேன். முதல் வருடம் எங்களுக்கு ஒரே உற்சாகம். யார் யார் பாவிக்கிறார்கள் என்று பதினான்கு பெயர்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினோம். உதவி கிடைக்கும் என்று நம்பி அதில் ஒரு பிரதியை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டு கிழமைக்குள் அந்தப் பட்டியல் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடியது. பதினான்கில் ஒரு பெடியன் சிகரெட் தவிர வேறொன்றும் தொட்டதில்லை. அவன் தமக்கைக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றுபோனது. அவனுடைய அம்மா இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பித்தான் போவார். அது அவருடைய உரிமை.

அன்றிலிருந்து எங்கள் கொப்பியில் ஆட்களின் பெயர் கிடையாது. இடமும் நேரமும் மட்டுந்தான்.

இடமும் நேரமும்: ஒரு பெரிய கடதாசி போதும்

ஒரு பிறிஸ்டல் போட் வாங்குங்கள். ஒழுங்கைகள், மைதானம், கடைகள், ரியூசன் நிலையங்கள், பாழ்வளவுகள், கடற்கரை, வாசிகசாலை எல்லாவற்றையும் பென்சிலால் போடுங்கள். அளவு பிழைத்தால் பரவாயில்லை. பிறகு இளையவர்களைத் தனியாக இருத்தி, "எந்த இடம் எத்தனை மணிக்குச் சரியில்லை?" என்று மட்டும் கேளுங்கள். யார் என்று கேட்காதீர்கள். பெரியவர்களிடமும் தனியாக இதையே கேளுங்கள். இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும்.

எங்கள் பெரியவர்கள் சிவப்புப் புள்ளி போட்டது கடற்கரையில், இரவு பத்து மணிக்கு. இளையவர்கள் போட்டது மைதானத்துக்குப் பின்மதிலில், பின்னேரம் ஆறேகாலிலிருந்து ஏழரை வரை. ஏன் அந்த நேரம்? மைதானத்தில் பந்து தெரியாமல் போவது ஆறேகாலுக்கு. இரண்டாவது ரியூசன் தொடங்குவது ஏழரைக்கு. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. ஏன் அந்த மதில்? வீதிவிளக்கு எரியாமல் எட்டு மாதம். மதிலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை, தனிச் சிகரெட் விற்பார்கள், லைற்றர் ஒன்று நூலில் தொங்கும். பெடியள் முதன்முதலில் பற்றவைத்தது அந்த லைற்றரில்தான். ஐஸுக்கும் மாத்திரைக்கும் வந்த ஆட்களும் அந்த மதிலடியில்தான் பெடியளைச் சந்தித்திருக்கிறார்கள்.

"ஏன்?" என்று ஒரு தடவை, "ஏன் இங்கே?" என்று இன்னொரு தடவை. இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு முடிப்பதற்கு முன்னம் எந்த நிகழ்ச்சியும் ஒழுங்கு செய்ய வேண்டாம். சும்மா "பெற்றோரின் கவனக்குறைவு" என்று எழுதினால் செய்வதற்கு ஒன்றுமிராது. "எட்டு மாதமாக விளக்கு எரியவில்லை" என்று எழுதினால் நாளைக்கே உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் கொண்டுபோகலாம்.

எது வேலை செய்யும், எது செய்யாது

பயமுறுத்தல் வேலை செய்யாது. கருகிய நுரையீரல் படம், மண்டையோடு, "போதை பாதை கல்லறை" என்ற வசனம், மேடையில் ஏறித் தன் பழைய கதையைச் சொல்கிற முன்னாள் பாவனையாளர், வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு ஆகியவற்றால் பாவனை குறைந்ததாகச் சான்றில்லை என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தடுப்பு நியமங்களே சொல்கின்றன. 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய பாடசாலைத் திட்டம் ஒன்றில் பொலிஸார் வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது பாவனையில் சொல்லக்கூடிய வித்தியாசம் ஒன்றும் இருக்கவில்லை. பதினைந்து வயசுப் பிள்ளைக்கு ஆபத்து என்று சொன்னால் அது பாதி அழைப்பிதழ்.

வேலை செய்ததற்கு உதாரணம் கேட்டால் ஐஸ்லாந்தைச் சொல்வேன். (பெயரைக் கேட்டுப் பெடியள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) அங்கே 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்ததாகச் சொன்னவர்கள் 1998இல் 42 வீதம். 2016இல் அது 5 வீதம். தினமும் புகைப்பவர்கள் 23 வீதத்திலிருந்து 3 வீதமானார்கள். பாடசாலைகளில் பெயர் போடாத வினாத்தாள் கொடுத்து, முடிவை அந்தந்த ஊருக்கே திருப்பிச் சொன்னார்கள். பின்னேரங்களை விளையாட்டு, சங்கீதம் என்று நிரப்ப அரசு காசு கொடுத்தது. 13 தொடக்கம் 16 வயது வரையானோர் மாரியில் இரவு பத்துக்குப் பிறகு தனியாக வெளியே நிற்கக்கூடாது என்று சட்டம் வைத்தார்கள். பெற்றோர் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். பணக்கார நாடு, சின்னச் சனத்தொகை, எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தப் பெற்றோர் உடன்படிக்கைக்கு ஒரு சதமும் செலவில்லை. "ஏழரைக்குள் வீடு, தவறினால் ஒருவர் மற்றவருக்குக் கோல் எடுப்போம்" என்று ஒரே வகுப்புப் பிள்ளைகளின் எட்டுத் தாய்மார் உடன்பட்டால், "எல்லாரும் நிக்கிறாங்கள், நான் மட்டும் ஏன் வரோணும்" என்ற வாதம் செத்துப்போகும்.

கடைகளுக்குப் போவது

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகார சபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்பது குற்றம். பலர் பதினெட்டு என்றே நினைத்திருக்கிறார்கள், கடைக்காரரும் சேர்த்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பொலிஸுக்கும் இதில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு.

ஆனால் முதற்தடவை அதிகாரியோடு போகாதீர்கள். இரண்டு பேர், அதில் ஒருவர் அந்தக் கடையின் வாடிக்கையாளராக இருக்க வேண்டும். பின்னேரம் நாலு மணிபோல, கூட்டம் இல்லாத நேரம். நாங்கள் போன முதற்கடையில் நடந்தது:

"அண்ணை, இருபத்தொண்டுக்குக் கீழ சிகரெட் குடுக்கக்கூடாது எண்டு சட்டம் இருக்கு, தெரியுந்தானே?"

"தெரியும் தம்பி. நான் குடுக்காட்டி முன்கடைக்காரன் குடுப்பான். எனக்கு அரிசி, பருப்பு யாவாரமும் சேர்ந்து போகும்."

நியாயமான பதில். அதனால் எல்லைக்குள் இருக்கிற எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் போக வேண்டும். எங்களுக்கு ஒன்பது கடை. "மற்ற எட்டுப் பேரிட்டயும் இண்டைக்கே கதைக்கிறம்" என்றதும் ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். அட்டை எழுதிக் கொடுத்தோம், லைற்றரை உள்ளே எடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாத இரண்டு கடைக்கும் மூன்றாவது தடவைதான் பரிசோதகர் போனார். ஒருவர் இன்னும் எங்களோடு முகம் முறிவு. பாபுல், மாவா மாதிரிப் புகையிலை கலந்த பொதிகளும் தடை என்பதைப் போகும்போதே சொல்லிவிடுங்கள். இனிப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் தொங்குவதால் சின்னப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிள்ளை

குழுவின் வேலை தடுப்பு. சிகிச்சை வைத்தியருக்குரியது. ஆனால் பேனர் கட்டிய மூன்றாம் நாள் இரவு யாராவது ஒரு தாய் படலையடியில் வந்து நிற்பார். காஸ் சிலிண்டரைக் காணவில்லை, பிள்ளை மூன்று நாளாக நித்திரையில்லை, சுவரோடு கதைக்கிறான் என்பார். அந்த நேரம் என்ன சொல்வதென்று இப்போதே தீர்மானியுங்கள்.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் துன்புறுத்தலோ வேறு ஆபத்தோ இருந்தால் 1929. நித்திரையின்மை, சந்தேகம், இல்லாத குரல் கேட்பது எல்லாம் ஐஸ் செய்கிற வேலை. அதற்குப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுதான் முதற்படி. ஆள் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தான நிலை என்றால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். கட்டிவைத்து அடிப்பது, மொட்டையடிப்பது, அறைக்குள் பூட்டுவது எதற்கும் குழு துணை போகக்கூடாது. கன காலம் கடுமையாகக் கசிப்பு குடித்தவரை ஒரே நாளில் வீட்டில் வைத்து நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். அதையும் வைத்தியசாலையில்தான் செய்ய வேண்டும்.

தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான, ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி என்று எல்லாமே நமக்குத் தூரத்தில். போக முதல் தொலைபேசியில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இடம் இருக்கிறதா, தமிழில் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறாரா. இரண்டாவதைக் கேட்காமல் போய்ப் பாதியில் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி தானாகப் போயும் சேரலாம், நீதிமன்றம் மூலம் கட்டாயமாகவும் அனுப்பலாம். தானாகப் போவதற்கு ஆளை இணங்கவைக்க மாதக்கணக்கு எடுத்தாலும் அதையே முயலுங்கள்.

பொலிஸோடு எவ்வளவு நெருக்கம்

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குழு இருப்பது தெரிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் சீருடை இருந்தால் இளையவர்கள் வரமாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். விற்பவர்களைப் பின்தொடர்வது, படம் பிடிப்பது, வீடு மறிப்பது உங்கள் வேலை இல்லை. அவர்கள் ஊருக்குள்ளேதான் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளை ரியூசனுக்குப் போகும் பாதையும் தெரியும். தகவல் இருந்தால் தனித்தனியாக, பெயர் சொல்லாமல், தொலைபேசியில்.

இளையவர்களுக்குச் சட்டத்தை ஒரு தடவையாவது நேராகச் சொல்லுங்கள். ஹெரோயின் இரண்டு கிராம் அல்லது அதற்கு மேல், போதைப்பொருள் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தின் பிறகு ஐஸ் ஐந்து கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்து குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி சீனியைவிடச் சற்றுக் கூட. "மச்சான், இதக் கொஞ்சம் வச்சிரு, பிறகு வாறன்" என்று கையில் திணிக்கப்படும் பொட்டலத்துக்குள் அது இருக்கலாம். இது பயமுறுத்தல் இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பயமுறுத்தல்தான். ஆனால் நண்பனுக்காக வைத்திருந்தவனுக்கும் இதே சட்டந்தான்.

காசு

குறைவாக இருப்பதே நல்லது. இரண்டு கையொப்பத்தோடு ஒரு வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்புக் கொப்பி, பற்றுச்சீட்டு. சிகரெட், மதுக் கம்பனிகளின் அனுசரணை எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். திடீரென்று பணம் கண்ட ஒருவர் கிரிக்கெட் போட்டிக்குக் கிண்ணம் தருகிறேன் என்று வந்தாலும், பல்லைக் காட்டிக்கொண்டு வாங்காமல், ஒருக்கால் யோசியுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

தொடங்கும்போதே மூன்று விஷயத்தை எண்ணி எழுதி வையுங்கள்: ஒன்பது கடையில் எத்தனை கடை வயது கேட்கிறது, ஆறேகாலுக்கும் ஏழரைக்கும் இடையில் மதிலடியில் எத்தனை பேர், அந்த நேரம் மைதானத்தில் எத்தனை பேர். ஒரே கிழமை நாளில், சீசனையும் பரீட்சை மாதத்தையும் தவிர்த்து எண்ண வேண்டும். பாடசாலைக்குள் வினாத்தாள் கொடுப்பதென்றால் அதிபர், வலயக் கல்வி அலுவலகம், பெற்றோர் மூன்று தரப்பின் அனுமதியும் எழுத்தில் வேண்டும், பெயர் கேட்கக்கூடாது. எங்களிடம் அதற்கு வலு இல்லை, நாங்கள் எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டோம். முதல் எண்ணிக்கையில் மதிலடியில் இருபத்திரண்டு பேர். விளக்குப் போட்ட பிறகு ஒன்பது. மற்றவர்கள் வேறு இருட்டுக்குப் போயிருப்பார்கள் என்றார் ஓட்டோக்கார அண்ணை. போய்ப் பார்த்தோம். ஐந்து பேர் அப்படித்தான் போயிருந்தார்கள்.

மிச்சப் பேருக்காகக் கழகத்து அறையைத் திறந்து கரம் போட் இரண்டு வைத்தோம். முதல் மாதம் அறை பாதி நாள் பூட்டியே கிடந்தது. சாவி வைத்திருந்தவர் கொழும்புக்குப் போய்விட்டார், பெடியள் வாசலில் நின்றுவிட்டு மதிலுக்கே திரும்பினார்கள். இப்போது மூன்று சாவி. ஒன்று மாதர் சங்க அக்காவிடம், ஒன்று ரியூசன் சேரிடம். மூன்றாவது, முன்னர் மதிலில் இருந்த ஒருவனிடம். அதைக் கொடுக்கும்போது பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. கரம் போட் இரண்டும் இன்னும் இருக்கின்றன, ஸ்ரைக்கர்தான் அடிக்கடி காணாமல் போகிறது.